இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர்

மே 14, புதன்

குளிர் வந்துவிட்டது. அறையில் வைத்த ஹீட்டர் முகத்தைச் சுடுகிறது, காலுக்கு எட்டவில்லை. புசெலெத்சோ தன் கம்பளியைக் கொண்டுவந்து என் முழங்காலில் போர்த்தினாள்.

"வெளியுறவு அமைச்சரே நடுங்கினா நாடே நடுங்குதுன்னு எழுதிடுவாங்க, ம்மே."

என் அந்தரங்கச் செயலாளர்; ம்மே, அதாவது அம்மா என்றுதான் கூப்பிடுவாள். வாய்க்கு மட்டும் தனி இலாகா வைத்திருக்கிறாள்.

புதிதாக வந்த தூதர் ஒருவர் மரியாதைக்குச் சந்திக்க வந்தார். மெல்லிய கோட்டு போட்டிருந்தார். ஆப்பிரிக்காவில் மே, ஜூனில் பனி பெய்யும் ஊர் உண்டென்று யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. நிதி உதவி பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நல்ல கம்பளி மசேருவில் எங்கே கிடைக்கும் என்று பேசினோம். மூன்று மாதத்தில் நான் நடத்திய மிகப் பயனுள்ள பேச்சுவார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

நடைக்கூடத்தில் முன்னாள் அமைச்சர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு படத்தைக் கடக்கும்போது மட்டும் என் கண் தரைக்குப் போய்விடும். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இன்று புசெலெத்சோ, படத்துக்கும் எனக்கும் நடுவில், அந்தச் சுவரை ஒட்டியே என்னோடு நடந்து வந்தாள்.

மே 16, வெள்ளி

லினேயோ வந்தாள். மொதேபேயின் மகள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ம்மே, உங்ககிட்ட கேக்கற உரிமை எனக்கு இல்ல. அப்பாவும் கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். தார்-எஸ்-சலாமில் ஒரு மாடி அறையில் கிடக்கிறார். டாக்டர்கள் மாதக் கணக்கில்தான் பேசுகிறார்களாம்.

"அங்க நம்ம பாஷை பேச ஒரு ஆள் இல்ல, ம்மே. தூக்கத்துல சேசோத்தோல சத்தமா பேசறாராம். வீட்டுக்காரம்மா பயந்துபோய் எனக்குப் போன் பண்றாங்க — உங்கப்பா யாரோட சண்டை போடறாருன்னு கேக்கறாங்க."

அவர் அமைச்சராக இருந்த அரசாங்கத்தை ராணுவம் கவிழ்த்தபோது அவர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தார். வந்தவர்கள் கடவுச்சீட்டை ரத்து செய்தார்கள். குடியுரிமை அப்படியே இருக்கிறது. உள்ளே வரத்தான் தாள் இல்லை. பிறகு எத்தனையோ அரசாங்கங்கள் வந்தன. எல்லோருக்கும் அவர் வெளியே இருப்பது சௌகரியமாக இருந்தது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட குடிமகனுக்கு அவசரப் பயணச் சான்று கொடுக்க வெளியுறவு அமைச்சரின் ஒரு கையெழுத்து போதும்.

என் கையெழுத்து.

என் கணவன் செலிசோ செத்த வருடம் இந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் தெரிந்தது, என் கை நாற்காலியின் பிடியை அவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தது.

மே 17

தோட்டத்துக் கீரை உறைபனியில் கருகிவிட்டது. அதைப் பார்த்து அழுதேன். கீரைக்கா அழுதேன்?

மே 20, செவ்வாய்

அமைச்சரவையில் மொதேபே பற்றிப் பேச்சு வந்தது. நான் எடுக்கவில்லை. உள்துறை அமைச்சர் கொபேலா எடுத்தார். கூட்டணியில் எங்களை விடப் பெரிய கட்சி அவருடையது. அவர் இருமினாலே பிரதமர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.

"ம்மே மா-மொலெமோ, உங்களுக்கு நெஞ்சு பெருசு, ஒத்துக்கறேன். ஆனா தெற்குல அந்தக் கிழவனுக்கு இன்னும் ஓட்டு இருக்கு. செத்துப்போனாக்கூட ரெண்டு தொகுதி ஜெயிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்னவோ.

அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். மொதேபே ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்: பழைய அரசாங்கம் செய்ததெல்லாம் தவறு, இனி அரசியலில் வாய் திறக்க மாட்டேன். போட்டால் வரலாம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் பக்கமாகக் குனிந்து, "உங்க வீட்டுக்காரர் பேரையும் அதுல சேர்த்துடலாம். அவரைக் கொன்னோம்னு அந்தாளே எழுதித் தரட்டும். உங்களுக்கும் ஒரு நிம்மதி" என்றார்.

மனம் சட்டென்று அந்தப் பக்கம் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு வேகமாக ஓடியது!

பிரதமர் சொன்னது: "இது உங்க இலாகா. முடிவும் உங்களோடது." நம்பிக்கையா, நழுவலா — அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மே 21

மொலெமோவிடம், என்னை மா-மொலெமோ ஆக்கிய என் மகனிடம், சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதை விட நானே சொல்வது மேல் என்று நினைத்தேன். களி, ஆட்டுக்கறி, அவனுக்குப் பிடித்ததெல்லாம் செய்துவைத்துச் சொன்னேன். முட்டாள்தனம். வக்கீலிடம் விருந்து வைத்துச் செய்தி சொன்னால் சந்தேகப்படத்தானே செய்வான்.

"கையெழுத்துப் போடப்போறியா?"

"இன்னும் போடல."

"போடமாட்டேன்னு சொல்லலியே நீ."

"நோயாளிடா. சாகப்போறவர்."

"அப்பாவும்தான் செத்தாரு. அவருக்கு யாரு கையெழுத்துப் போட்டா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, "குட்நைட், மினிஸ்டர்" என்றான்.

அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பாவின் முகம் உண்மையிலேயே நினைவில் இருக்கிறதா, அல்லது புகைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டதா என்று ஒருமுறை அவனே என்னிடம் கேட்டிருக்கிறான்.

மே 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவெடுக்க முடியாது.

செலிசோவைப் போலீஸ்காரர்கள் அச்சகத்திலிருந்து கூட்டிப்போனார்கள். கையில் மை. அவன் பத்திரிகையில் வந்த ஒரு செய்தி பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் வீட்டுக்குப் போகலாம். அவன் போடவில்லை.

நான் தினமும் ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முதல் நாள் வாங்கவில்லை. அடுத்த நாளும் வாங்கவில்லை. அதற்கடுத்த நாள் வாங்கிக்கொண்டார்கள். மாலையில் பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. சாப்பிட்டான் என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னேன். அவன் முந்தின ராத்திரியே போய்விட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

யார் சாப்பிட்டது அதை?

இதயம் நின்றுவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

மொதேபே அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். எங்கள் கல்யாணத்தில் பாடியவர். என் வீட்டு மேஜையில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிட்டவர். அவனைப் பிடித்துப்போனவர்களிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். அவர் அலுவலகத்துக்குப் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். மினிஸ்டர் அடிஸ் அபாபா போயிருக்கிறார் என்றார்கள். இதே கட்டடம்தான். இன்று என் கார் வந்து நிற்கிற அதே படிக்கட்டில் மொலெமோவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடித்தவர்கள் மீது இருக்கும் கோபம் எனக்குப் பழகிவிட்டது. இவர் மீது இருப்பது மட்டும் பழகவே இல்லை.

ஜூன் 2, திங்கள் — தார்-எஸ்-சலாம்

பிராந்திய அமைச்சர்கள் மாநாடு இங்கே. எப்படியும் வரவேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மதியம் கூட்டத்தை விட்டு எழுந்து புசெலெத்சோவோடு டாக்சியில் போனேன். கொடி கட்டிய காரில் போக மனம் வரவில்லை.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி. பொரித்த மீன் வாசனை படியேறி நம்மோடு வருகிறது. அவ்வளவு வெக்கையில் முழங்கால் மேல் நம் ஊர்க் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சள். கை குச்சி. ஆனால் குரல் — அதே குரல்தான். எங்கள் கல்யாணத்தில் பாடிய குரல்.

"வாங்க, மினிஸ்டர். அந்த நாற்காலி இன்னும் ஒரு பக்கமாச் சாயுதா?"

"அதை மாத்தியாச்சு, ந்தாதே." அப்பா என்கிற அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

"அதான் உங்க வெளியுறவுக் கொள்கை நேரா இருக்கு."

புசெலெத்சோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். அவர் மழையைப் பற்றிக் கேட்டார். ஆட்டு ரோமம் என்ன விலை போகிறது என்று கேட்டார். கொஞ்ச நேரம் விட்டால் நானும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயம் வந்தது.

"செலிசோவைப் பிடிக்கச் சொன்னது நீங்களா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"இல்ல."

"விடச் சொன்னீங்களா?"

அவர் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

"அதுவும் இல்ல. எனக்கு விஷயம் தெரியும். விமான நிலையத்துல இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விமானம் ஏறிட்டேன்."

அவ்வளவுதான். சாக்குச் சொல்லவில்லை. அழவும் இல்லை.

"மன்னிப்பாவது கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"இப்போ கேட்டா கையெழுத்துக்காகக் கேட்டேன்னு நீயே நினைப்ப, மா-மொலெமோ. நானும் அப்படித்தான் நினைப்பேன். போட்டுட்டுப் போ, இல்ல போடாமப் போ. அப்புறம் கேக்கறேன்."

கொபேலாவின் அறிக்கை புசெலெத்சோவின் பையில் இருந்தது. அவள் பையின் ஜிப் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். செலிசோவின் பெயரும் அதில் இருக்கிறது, கொபேலா சொன்னபடியே. 'கொன்றோம்' என்ற வார்த்தை இருக்கிறது. ஒரு பேனா நீட்டினால் போதும்.

நான் தலையசைத்தேன் — வேண்டாம் என்று.

ஏன் என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். 'கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்.' இதைத்தானே அவனிடமும் சொன்னார்கள்? அதே வாசகம். அதை நான் என் வாயால் சொல்வேனா? இந்த மனிதரிடம்கூட — மாட்டேன். முடியாது.

ஜூன் 3

பயணச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். இங்கே நமக்குத் தூதரகம் இல்லை, ஓட்டல் மேஜையில் வைத்துத்தான் போட்டேன். பேனா எழுத மறுத்தது. "நல்லா அழுத்துங்க, ம்மே. பேனாவும் கொபேலா கட்சி போலிருக்கு" என்றாள் புசெலெத்சோ.

இது மன்னிப்பு இல்லை. அவர் ஊர் அது, அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லப்போகிறேனோ.

ஜூன் 9

இன்று வந்து இறங்கினார். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. ரேடியோவில் கேட்டேன். தெற்கிலிருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்து பாடினார்களாம். சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி மைக்கில் பேசினார்: "வந்தது சாகத்தான். ஓட்டுக் கேக்கறதுக்கில்ல. ஆனா நல்ல களி கிடைச்சா ரெண்டு மாசம் தள்ளிப்போடறேன்."

கூட்டம் சிரிக்கிற சத்தம். அதோடு நானும் லேசாகச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

கொபேலா போன் பண்ணினார். "அறிக்கை எங்கே?" என்றார். "கொண்டு போனேன், கொடுக்கல" என்றேன். "ம்மே, மந்திரியாகியும் நீங்க இன்னும் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாவே இருக்கீங்க" என்றார்.

திட்டத்தான் சொன்னார். இருந்தாலும்.

ஜூன் 10

மொலெமோ கோர்ட்டுப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பளியும் சட்டப் புத்தகங்களும் எடுத்துப்போனான். நான் வாசலில் நின்றேன். "வரேன்" என்று சொல்லவில்லை.

ஜூன் 24

அமைச்சரவை மாற்றம். என் பெயர் இல்லை. பிரதமர் நேரில் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொன்னார், "நீங்க செஞ்சது சரி, ம்மே. எனக்குத்தான் சபையில எண்ணிக்கை வேணும்." அவர் மேல் கோபம் வரவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்.

புசெலெத்சோ என் பெட்டிகளைக் கார் வரை தூக்கிவந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இலாகா மூடிக் கிடந்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 8

கதவு தட்டும் சத்தம். மொலெமோ. மெலிந்திருக்கிறான். உட்காரவில்லை; நின்றுகொண்டே, கோர்ட்டில் பேசுகிற மாதிரிப் பேசினான்.

"அப்பா மரணத்தைப் பத்தி மறுபடி விசாரிக்கணும்னு மனு போட்டிருந்தேன். ஏத்துக்கிட்டாங்க."

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இவ்வளவு நாளும் சாட்சி ஒருத்தரும் இல்லைன்னு தள்ளிவிட்டுட்டே இருந்தாங்க. இப்போ ஒருத்தர் ஊர்ல இருக்காரு. சம்மன் அனுப்பறதுக்கு முன்னாடியே லினேயோ போன் பண்ணிட்டா. வரேன்னு சொல்லிட்டாராம். கட்டில்ல தூக்கிட்டு வந்தாவது வருவாராம்."

"சாப்பிட்டியா?" என்றேன். வேறென்ன கேட்பது?

"அதுக்காகக் கையெழுத்துப் போட்டியா? இது நடக்கும்னு தெரிஞ்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் இன்றே வீட்டுக்கு வந்திருப்பான்.

"இல்லடா. இதை நான் நினைச்சே பாக்கல."

என்னையே பார்த்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். ராத்திரி தங்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோர்ட்.

பார்வையாளர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் புசெலெத்சோ, லீவு போட்டுவிட்டு. மொதேபேயை லினேயோ நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தே சாட்சி சொல்லலாம் என்றார் மாஜிஸ்திரேட். என் மகன் எழுந்தான். கறுப்பு அங்கி. அவன் அப்பாவின் தோள் அது, இன்றுதான் கவனித்தேன்.

"ந்தாதே, அன்னிக்கு விமான நிலையத்துல உங்களுக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"உங்க சிநேகிதன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான், என்ன செய்யட்டும்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விமானத்துக்கு நேரமாச்சு, வந்து பேசறேன்னேன்."

மொலெமோ தாளைப் பார்த்தான். தாளில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த கேள்விக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டான்.

"என்ன செய்யட்டும்னு அவங்க கேட்டப்போ உங்களுக்கு என்ன புரிஞ்சுது, ந்தாதே?"

கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் புரிஞ்சுது, மகனே."

போன் செய்தவர் பெயரைச் சொன்னார். அறையில் இருந்தவர் பெயர்களையும் சொன்னார். இரண்டு பேர் இன்னும் உயிரோடு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் மகன் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவரை ந்தாதே என்றே கூப்பிட்டான். அது அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்.

வெளியே தாழ்வாரத்தில் லினேயோ நாற்காலியை என் முன்னால் நிறுத்தினாள்.

"இப்போ கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

கேட்டார். செலிசோவின் பெயரைச் சொல்லி, மொலெமோவின் பெயரைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி — மா-மொலெமோ என்று அல்ல, கல்யாணத்துக்கு முன் இருந்த பெயரைச் சொல்லி — கேட்டார். நான் கேட்டுக்கொண்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மெல்லத் தள்ளும்மா" என்று மகளிடம் சொல்லிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 29

தீர்ப்பு. அடித்ததால் ஏற்பட்ட காயங்களால் மரணம் என்று பதிவு செய்ய உத்தரவு. அந்த இருவர் மீது வழக்கு வரும்.

இதயம் நின்றது என்றுதான் இதுவரை எழுதியிருந்தது. அது எல்லோருக்கும்தான் நிற்கும்.

செப்டம்பர் 2

லினேயோ போன் செய்தாள். விடியற்காலையில், தூக்கத்தில். யாரோடும் சண்டை போடாமல் போனாராம்.

செப்டம்பர் 6, சனி

மொதேபேயின் அடக்கத்துக்குப் போவதா வேண்டாமா என்று உடை மாற்றும் வரை தெரியாது. காலையில் வாசலில் கார் நின்றது. மொலெமோ. "உன்னை இறக்கிவிட்டுட்டு வெளியவே இருக்கேன்" என்றான். வழியில் பீச் பழ மரமெல்லாம் பூத்திருந்தது.

பெரிய கூட்டம். பேச்சுகள் நீளம். கொபேலாவும் வந்து உருக்கமாகப் பேசினார். புசெலெத்சோ என் விலாவில் இடித்தாள். பெட்டியை இறக்கினார்கள். ஆண்கள் மண்வெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மண் தள்ளினார்கள். மேட்டு நிலம், கட்டி மண், கிழவர்களே அதிகம், சீக்கிரம் களைத்துப் போனார்கள். ஒரு மண்வெட்டி கைமாற ஆள் இல்லாமல் நின்றது.

மொலெமோ எப்போது காரை விட்டு இறங்கினான் என்று நான் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்தான். மண்வெட்டியை வாங்கினான். பாட்டு நிற்கவில்லை. அவன் தலை நிமிராமல் தள்ளிக்கொண்டே இருந்தான். வேறொருவர் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. லினேயோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மொதேபே வீட்டு வாசலில், அடக்கம் செய்து வந்தவர்களின் வழக்கப்படி, கற்றாழை போட்ட தொட்டித் தண்ணீரில் எல்லோரும் கை கழுவினோம். என் முறை வந்தபோது மொலெமோ குவளையில் மொண்டு என் கைகளில் ஊற்றினான்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கா, அம்மா?"

"இல்லடா" என்றேன். "ஊத்து."